அந்த நீலப் பீப்பாயை முதலில் பாருங்கள்

ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய், உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்க, தன் மகளை என்னிடம் அழைத்து வந்திருந்தார். சாதாரண தரத்தில் 7 ஏ, 2 பி. கூடவே கொழும்பில் கடை வைத்திருக்கும் தாய்மாமனும் வந்தார். பேசியதெல்லாம் அவர்தான். "உயிரியல் பிரிவில் சேர்ப்போம் சேர். கண்டியில் டியூஷன் வைப்போம். இங்கே பல்கலைக்கழகத்துக்கு இஸட் புள்ளி போதாவிட்டால் வெளிநாட்டில் மருத்துவம். அக்காவின் நகை இருக்கிறது, மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம்." தாய் தரையைப் பார்த்தபடி இருந்தார். மகள் வாய் திறக்கவில்லை.

அம்மா, அன்று உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அது நான் செய்த தவறு. நல்லபடி நடக்காது. நான் இப்போது எழுதுவதை உங்கள் தம்பியையும் உட்கார வைத்து வாசியுங்கள்.

முதலில் பணம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளை நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை பார்க்க முடியாது. இலங்கை மருத்துவப் பேரவையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதுவரை கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை காத்திருந்தவர்கள் நாம். கொழுந்து பறிக்கும் கையை நம்பி அந்தக் கடனை வாங்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அடகுச் சீட்டு இருக்கப்போவது உங்கள் பெட்டியில்.

இரண்டாவது, பிள்ளையின் மனம். தம்பி தொலைபேசியில் பேச வெளியே போன பத்து நிமிடங்களில்தான் அவள் பேசினாள். லயத்துக்குப் பின்னால் ஒரு நீலப் பீப்பாயில் மாட்டுச் சாணத்தையும் லீக்ஸ் இலையையும் கரைத்து, எரிக்கக்கூடிய உயிர்வாயு (பயோகாஸ்) எடுக்க வைத்திருக்கிறாளாம். மார்கழிக் குளிரில் வாயு வரவில்லை. பழைய உரப்பைகளையும் வைக்கோலையும் சுற்றிக் கட்டிய பிறகு சுடர் பிடித்ததாம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையளவுதான். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கோ 35 பாகையளவு சூடு வேண்டும். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு மலைநாட்டுச் சிக்கலை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை உரப்பையைக் கொண்டு பாதி தீர்த்திருக்கிறாள். நீங்கள் அதைச் "சாணி விளையாட்டு" என்றீர்கள்.

வைன் தொழிற்சாலைக் கழிவிலிருந்து எரிசக்தி எடுப்பதைப் பற்றி ஏதோ ஒரு சஞ்சிகையில் படித்துவிட்டு, அதைப் பற்றித்தான் என்னிடம் கேட்டாள். நூறு கிலோ திராட்சையைப் பிழிந்தால் 20 முதல் 25 கிலோ வரை சக்கை மிஞ்சும்: தோல், விதை, காம்பு. பிரான்சில் வடிசாலைகள் இந்தச் சக்கையைச் சேகரித்து மதுசாரத்தை வடித்தெடுக்கின்றன. விதையிலிருந்து எண்ணெய் கிடைக்கிறது. உலர்ந்த மிச்சம் கொதிகலனுக்கு விறகாகிறது. ஈரச் சக்கையைக் காற்றுப் புகாத தொட்டியில் இட்டால் உயிர்வாயு வரும், அதில் பாதிக்கு மேல் மீத்தேன். ஆனால் சக்கை புளிப்பானது. தனியாகப் போட்டால் தொட்டி புளித்து நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், சாணம் போன்ற ஒன்றைக் கலந்தாக வேண்டும். திராட்சை அறுவடையோ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, தொட்டிக்கு வருடம் முழுவதும் தீனி வேண்டும். அதனால் சக்கையைக் காற்றுப்படாமல் அமுக்கிச் சேமிக்கிறார்கள். தோலிலுள்ள துவர்ப்புச் சத்தும் நுண்ணுயிர்களை மந்தப்படுத்தும் என்று சொன்னேன்.

உடனே கேட்டாள்: "அப்படியானால் கழிவுத் தேயிலையும் அதே தொல்லையைத் தருமா, சேர்?"

தரும். இரண்டிலும் உள்ள துவர்ப்பு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள். இந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

நம் மலையில் வைன் தோட்டம் இல்லை. ஆனால் மரக்கறிச் சந்தைகளில் கோவா இலையும் கரட் தழையும் அழுகிக் கிடக்கின்றன. அம்பேவலையில் பால் பண்ணைகள் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த விறகை எரிக்கின்றன. ஒரு கன மீற்றர் உயிர்வாயுவில் ஏறத்தாழ 6 அலகு (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. அதையே இயந்திரத்தில் எரித்து மின்சாரமாக்கினால் 2 அலகுதான் தேறும். அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டை நீக்காவிட்டால் இயந்திரத்தையும் அரித்துவிடும். ஆகவே வெப்பம் தேவைப்படும் இடத்திலேயே வெப்பமாகப் பயன்படுத்துவதுதான் நம் மலைக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். தொட்டியில் மிஞ்சும் கரைசல் நல்ல உரம். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது தோட்டங்கள் பட்ட பாட்டையும், 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு நின்ற வரிசையையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதற்கான படிப்பு உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறது. 2013 இல் தொடங்கிய பிரிவு. அதில் அவள் எடுக்க வேண்டியது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் (பயோசிஸ்டம்ஸ் டெக்னாலஜி). தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம் கட்டாயப் பாடம். மூன்றாவதாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கட்டும். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சித் தொழில்நுட்ப பீடத்திலும் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் தேசிய தொழிற்தகைமையில் 5ஆம், 6ஆம் மட்ட டிப்ளோமாக்கள் உள்ளன. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தப் பிரிவுக்குப் போனால் மருத்துவ பீடத்தின் கதவு மூடிவிடும். அது தெரிந்துதான் அவள் இந்தப் பிரிவைக் கேட்கிறாள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கண்டி டியூஷனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இப்போதே அவளுடைய ஆங்கிலத்துக்குச் செலவிடுங்கள். இந்த வாரமே பாடசாலைக்குப் போய், தமிழ்மொழி மூலத்தில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். இல்லையென்றால் அப்படி ஒருவர் இருக்கும் பாடசாலையைத் தேடுவோம், நானும் வருகிறேன்.

நகையை எடுக்க வேண்டாம். வருகிற ஞாயிறு அவளை மட்டும் அனுப்புங்கள். பீப்பாயில் எந்த நாளில் எவ்வளவு கலந்தாள் என்று எழுதி வைத்திருக்கும் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.