வெளி எட்ஜ் நிற்கவில்லையா? முதலில் ஷூவைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு குருகிராமில் வேலை. பதினோரு வயது மகள் அங்கே ஐஸ் அரங்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். இடது காலில் எல்லாம் சரியாக வருகிறது. வலது காலில் வெளி எட்ஜில், அதாவது பிளேடின் வெளி விளிம்பில், வளைந்து போகச் சொன்னால், நாலடி போவதற்குள் கணுக்கால் உள்பக்கம் மடிந்து உள் எட்ஜுக்கு வந்துவிடுகிறாள். காலில் பலம் போதாது என்கிறார்கள். தட்டைப் பாதம் என்கிறார் என் மாமியார். லீவுக்குக் கும்பகோணம் வந்திருக்கிறோம், ஷூவும் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்? (வளர்கிற பிள்ளை என்று ஷூ ஒன்றரை சைஸ் பெரியதாக எடுத்தோம். இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறாள்.)
— வாசகி, கும்பகோணம்

பதில்: அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதைத்தான் நான் முதல் வரியாகப் படித்தேன்.

நான் திருவையாற்றுக்காரன். டொராண்டோ பக்கத்தில் ஒரு ஐஸ் அரங்கில் பத்தொன்பது வருஷம் ஷூ பொருத்துவதும் பிளேடு தீட்டுவதுமாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த வேலைக்கு நான் வந்ததே என் மகளால்தான். அவளுக்கும் நான் ஒன்றரை சைஸ் கூட்டித்தான் வாங்கினேன். ஒரு குளிர்காலம் முழுக்க, ‘காலை நேராக வை, நேராக வை’ என்று அரங்கின் தடுப்புப் பலகைக்கு வெளியே நின்று அதட்டினேன். அவள் அழுதுகொண்டே சுற்றுவாள். அங்கே பிளேடு தீட்டுகிற பெரியவர் ஒருநாள் அவளை உட்கார வைத்து, லேஸை அவிழ்த்து, கால்விரல் முன்னால் முட்டும்படி பாதத்தைத் தள்ளினார். குதிகாலுக்குப் பின்னால் தன் கட்டைவிரலை விட்டார். முழுசாக உள்ளே போய்விட்டது. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விரலை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த விரல் என் கண்ணில் நிற்கிறது.

அதே சோதனையை இன்றே செய்யுங்கள். பின்னால் ஒரு பென்சில் நுழையும் இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் பாதம் ஷூவுக்குள் நீந்துகிறது. அவள் கணுக்காலைச் சாய்த்தாலும் அந்தச் சாய்வு பிளேடுக்குப் போய்ச் சேராது, நடுவிலேயே கரைந்துவிடும். இரண்டாவது சாக்ஸ் அதை இன்னும் மோசமாக்கும். மெல்லிய ஒற்றைச் சாக்ஸ்தான் போட வேண்டும். சரியான ஷூவில் நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் இலேசாகத் தொடும். முழங்காலை மடக்கினால் விலகும். குதிகால் எழும்பவே கூடாது.

பெரிய சைஸ் எடுக்க இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலமாக இருக்கும். கடையில் விரல் நெரிகிறது என்பாள், உடனே அடுத்த சைஸ் எடுப்போம். நீளத்தைக் கூட்டி அகலத்தை வாங்காதீர்கள். ஃபிகர் ஷூவில் ஒரே நீளத்துக்குப் பல அகலங்கள் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். சாயங்காலத்தில், குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின் மேல் நிற்க வைத்து, இரண்டு பாதத்தின் நீளத்தையும் முன்பாத அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து எடுத்துப் போங்கள். செருப்புக் கடை சைஸ் நம்பரை அங்கே சொல்லாதீர்கள், அது வேறு கணக்கு.

ஆனால் இரண்டு ஷூவுமே பெரிசு, வலது மட்டும் ஏன் மடிகிறது என்று கேட்பீர்கள். அதனால்தான் பிளேடையும் பார்க்கச் சொல்கிறேன்.

பிளேடின் அடிப்பக்கம் கத்தி மாதிரிக் கூர் இல்லை. அது ஒரு குட்டி வாய்க்கால். நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் கரை. உள் கரை உள் எட்ஜ், வெளிக் கரை வெளி எட்ஜ். தீட்டும்போது கை கொஞ்சம் சாய்ந்துவிட்டால் ஒரு கரை உயர்ந்து மற்றது தாழ்ந்துவிடும். வெளிக் கரை தாழ்ந்த பிளேடில் எந்தப் பிள்ளையும் வெளி எட்ஜில் நிற்க முடியாது. ஐஸ் பிடிக்காமல் வழுக்கும், கால் பயந்துபோய் உள்ளே ஓடிவரும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஷூவைக் கவிழ்த்து மடியில் வைத்து, பிளேடின் குறுக்கே இரண்டு கரையிலும் படும்படி ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வையுங்கள். தச்சரிடம் சின்ன மூலைமட்டம் இருக்கும், வாங்கி வந்து அதன் ஒரு கையைப் பிளேடின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். மறு கையும் நாணயமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒருபுறம் இடைவெளி தெரிந்தால் கரை சமமில்லை. முன்பக்கம், நடு, குதிகால் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். நடுவில் சரியாக இருந்து குதிகாலில் கோணியிருந்த பிளேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரை சமம் என்றால் அடுத்தது ஷூவில் பிளேடைத் திருகு போட்டு மாட்டியிருக்கும் இடம். ஐஸில் அவளை வலது காலில் மட்டும், எந்தப் பக்கமும் சாயாமல் நேராக வழுக்கிப் போகச் சொல்லுங்கள். பிறகு போய் ஐஸைப் பாருங்கள். 1990 வரை உலகப் போட்டிகளில் வட்டம் போடுவதற்கே தனியாக மதிப்பெண் இருந்தது. நடுவர்கள் குனிந்து பிளேடு போட்ட கோட்டைத்தான் பார்ப்பார்கள். ஐஸில் விழுந்த கோடு பொய் சொல்லாது. நேராகப் போனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு விழும். ஒற்றைக் கோடாகி இடப்பக்கம் வளைந்தால் உள் எட்ஜுக்குச் சரிகிறாள். பல தடவையும் அப்படியே வந்தால் பிளேடை நகர்த்த வேண்டும்.

எந்தப் பக்கம்? உள்ளே சாய்கிறாள் என்றால் வெளியே நகர்த்தத் தோன்றும். தப்பு. குலை தள்ளிய வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுக்கிறோம்? இதுவும் அப்படித்தான். எடை உள்பக்கம் விழுவதால் பிளேடும் உள்பக்கம், பெருவிரல் பக்கம் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. அதற்காகத்தான் பிளேடின் தகட்டில் நீள்வட்டத் துளைகள் வைத்திருக்கிறார்கள். புது ஷூவுக்கு முதலில் அவற்றில் மட்டும் திருகிச் சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் வட்டத் துளைகளில் நிரந்தரத் திருகு போட வேண்டும். முதல் நாளே எல்லாத் துளையிலும் திருகிக் கொடுத்திருந்தால், இதை ஊரில் வைத்துப் பிரிக்காதீர்கள். குருகிராமில் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவும் சரியான அளவு ஷூ வாங்கிய பிறகு. தொளதொள ஷூவில் பிளேடை எங்கே வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

மாமியார் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஈரக்காலோடு தரையில் நிற்க வைத்துப் பாருங்கள். வளைவே தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டி உள்ளட்டை போடலாம்.

இதைச் சீக்கிரம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடப்பக்கமாகச் சுழன்று குதிக்கிற பிள்ளை, சால்கோவோ லட்ஸோ எதைக் குதித்தாலும் வந்து இறங்குவது வலது காலின் பின் வெளி எட்ஜில்தான். உங்கள் மகளுக்கு நிற்காத அதே எட்ஜ். அதுவரை தயவுசெய்து அவளைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: இன்லைன் ஸ்கேட்டில் ஆறு வருஷம் பழகியவன். ஐஸுக்கு மாற ஆசை. டேராடூனில் போய்ப் பழக ஏற்பாடு செய்கிறேன். பிளேடில் ஹாலோ எவ்வளவு வைக்கச் சொல்ல வேண்டும்?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: டேராடூன் ஐஸ் அரங்கு 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குக் கட்டியது. நல்லது தம்பி. ஹாலோ என்பது மேலே சொன்ன வாய்க்காலின் வளைவு. அரை அங்குலம் என்றால் அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று அர்த்தம், ஆழம் அல்ல. நாலு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளேடில் அந்தப் பள்ளத்தின் ஆழம் 0.16 மில்லிமீட்டர்தான் வரும். எண் குறையக் குறையப் பள்ளம் ஆழமாகும், ஐஸைக் கடிக்கும்; கூடினால் வழுக்கல் கூடும். அரை அங்குலத்தில் தொடங்குங்கள். சக்கரத்தில் பழகியவர்கள் பிடிப்பு போதவில்லை என்று உடனே ஆழம் கேட்பார்கள். கேட்காதீர்கள். ஆழமான பிளேடு ‘த்ரீ டர்ன்’ என்கிற 3 வடிவத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு உங்களைத் தள்ளிவிடும். புதுப் பிளேடு பெட்டியிலிருந்து வந்தபடியே இறங்க வேண்டாம், ஒருமுறை தீட்டி வாங்குங்கள். பிளேடின் முன்முனையில் இருக்கும் பெரிய பல்லைத் தீட்டுகிறவர் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20, 30 மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த பேத்தியின் ஸ்கேட் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிளேடில் துரு. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள் ஐயா. அரிவாள்மணைக்கு அவர் கை தங்கம். ஆனால் அவர் சாணை பக்கவாட்டில் பிடித்துக் கூராக்கும்; இதற்கு நீளவாக்கில் பள்ளம் எடுக்க வேண்டும். ஒரு தடவை பட்டால் பிளேடு போச்சு. பக்கவாட்டில் உள்ள துருவை மெல்லிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். அடிப்பக்கத்தைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் உறை மாட்டியபடி இருந்தால் முதலில் கழற்றுங்கள். அது நடப்பதற்குத்தான், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். தேங்காய் எண்ணெய் இலேசாகத் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பரண் மேல் வையுங்கள். ஐப்பசி மழையில் மட்டும் வாரம் ஒருமுறை துணியை மாற்றுங்கள்.