சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், மது உரிமங்களைப் பார்க்கும் ஆயப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொக்கிரகுளத்தில் கோப்பு தூக்கிய காலம் முடிந்தாலும் கேள்விகள் முடியவில்லை. மதுக்கூடத்தின் இடத்தைக் கூட்டுவது, மாற்றுவது பற்றி வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, எங்களுடையது எஃப்.எல்.3 உரிமம், அதாவது ஓட்டலில் பார் நடத்தும் உரிமம், உள்ள ஓட்டல். பார் தரைத்தளத்தில் இருக்கிறது. மொட்டை மாடியிலும் மேசை போட்டுப் பரிமாற முதலாளி ஆசைப்படுகிறார். ஒரு கடிதம் கொடுத்தால் போதுமா?

போதாது, தம்பி. உரிமம் முதலாளிக்குக் கொடுத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இன்னாருக்கு, இந்த இடத்தில் வைத்து, என்று கொடுத்தது அது. பத்திரத்தில் நான்கெல்லை இருப்பதுபோல இதற்கும் எல்லை உண்டு. ஒப்புதலான வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். நான் கையாண்ட படங்களில் பரிமாறும் கூடத்தையும் சரக்கு அறையையும் சிவப்பு மையால் சுற்றியிருப்பார்கள். மாடி அந்தக் கோட்டுக்குள் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் அது நடுத்தெரு மாதிரிதான்.

1981ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி நடக்கிற காரியம் இது. மாவட்ட ஆட்சியர் வழியாக மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையருக்கு விண்ணப்பம் போக வேண்டும். பழைய படம், புதிய படம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். மாடிக் கட்டடத்துக்கு மாநகராட்சி ஒப்புதலும் தீயணைப்புத் துறைச் சான்றும் இல்லாமல் மனுவைத் தொடவே வேண்டாம். மாடி என்றதும் தீயணைப்பில் கேட்கும் முதல் கேள்வி, இறங்க இன்னொரு படி எங்கே என்பது.

அப்புறம் அளவு. ஒரு ஓட்டலின் கோப்பு மூன்று முறை திரும்பியது எனக்கு மறக்காது. படத்தில் சரக்கு அறை 12 அடி. டேப்பை இழுத்தால் பத்தரை. வரைபடம் போட்ட பிறகு சுவரோடு ஒரு அலமாரி கட்டிவிட்டார்கள். படத்தைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை அடிக்காக ஐந்து மாதம். ஆகவே இன்ஜினியர் போட்ட படத்தை நம்பாமல், நீங்களே டேப்பைப் பிடித்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அதே தம்பி: உத்தரவு வரும்வரை, சனி ஞாயிறு மட்டும் மாடியில்...?

கூடாது. ஒரு பீர் பாட்டில்கூடக் கூடாது. மாடிக்கு அலைந்து இருக்கிற உரிமத்தையும் இழந்தவர்கள் உண்டு.

வண்ணார்பேட்டையிலிருந்து: டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுத்திருக்கிறேன். பின்னால் தகரக் கொட்டகை போட்டு இடத்தைக் கூட்டலாமா?

உங்களுக்கு வேறு விதி, 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள். நீங்கள் எடுத்திருப்பது தின்பண்டம் விற்கும் உரிமையும் காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையும்தான். டாஸ்மாக் மாவட்ட மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கம்பு ஊன்றாதீர்கள்.

மேலப்பாளையம் பக்கமிருந்து: எங்கள் டாஸ்மாக் பாருக்குப் புதிய வாசல் வைக்கப்போகும் பக்கத்தில் ஒரு சுடலைமாடன் பீடம் இருக்கிறது. இடைஞ்சல் வருமா?

டாஸ்மாக் கடைக்கும் பாருக்கும் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடத்தைக் கூட்டும்போது வாசல் நகர்ந்தால் இந்தத் தூரமும் நகரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சர்வேயரை வைத்து வாசலிலிருந்து ஒருமுறை, சுவரிலிருந்து ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு வெளியே ஒரு வார்த்தை: அந்தச் சாமிக்குக் கொடை விழா நடத்தும் ஊர்க்காரர்களிடம் முதலில் பேசுங்கள். சாராயமும் சுருட்டும் படையலாக வாங்கும் சாமிதான். ஆனாலும் பக்கத்தில் பார் வந்தால் மனு எழுத ஆள் இருக்கும்.

நாங்குநேரி பக்கமிருந்து: நான்குவழிச் சாலையோரம் ஒரு நிலம் விலைக்கு இருக்கிறது. பாரை அங்கே மாற்றலாமா?

உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கத் தடை போட்டது. 2017 மார்ச்சில், 20,000 பேர் வரை வசிக்கும் உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமங்களுக்கு இது தடையில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விளக்கியது. அந்த நிலம் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

தச்சநல்லூரிலிருந்து: கல்யாண மண்டபத்தில் மது பரிமாறச் சிறப்பு அனுமதி கிடைக்குமாமே?

2023இல் வந்த விதித் திருத்தத்தில் மண்டபமும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

மகாராஜநகரிலிருந்து ஓர் அம்மா: என் மகன் லண்டனில் உணவகம் வைத்திருக்கிறான். பார் கவுன்ட்டரைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டுமாம். அங்கேயும் இவ்வளவு அலைச்சலா?

அங்கே 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம், அம்மா. அவர்களுக்கும் வரைபடம்தான் உயிர். வழக்கமாக நூற்றில் ஒரு பங்கு அளவில் கேட்பார்கள். சிறிய மாற்றம் என்றால் கட்டணம் 89 பவுண்டு. வாசலில் வெள்ளைத் தாளில் அறிவிப்பை ஒட்டி 10 வேலை நாள் விட வேண்டும். உள்ளாட்சி 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்லிவிடும். இடத்தைப் பெரிதாகக் கூட்டினால் முழு மாற்ற விண்ணப்பம்; அதற்கு நீலத் தாள், 28 நாள். மது விற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டுமானாலும் சிறிய விண்ணப்பத்தில் ஆகாது. கவுன்ட்டரைத் தள்ளும்போது வெளியேறும் வழி குறுகக் கூடாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். அலமாரி கட்டியிருந்தால் அதையும் படத்தில் போடச் சொல்லுங்கள்.