யார் வீட்டுக்கு யார் போனது?

கேள்வி: என் மகள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு வெல்டிங்கும் மோட்டாரும் எதற்கு? புகுந்த வீட்டுக்கு அடங்கி நடப்பதுதான் எங்கள் பண்பாடு. இரவில் தொலைக்காட்சியில் போகிற நாடகங்களாவது அதைச் சொல்லித் தருகின்றன. உங்கள் இதழோ பெண்பிள்ளைகளைக் கிளப்பிவிடுகிறது. இது சரியா?
– ஒரு தகப்பன், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் 'இன்னொரு வீட்டுக்குப் போகிற பிள்ளை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எந்த வீட்டுக்கு?

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் தொடங்கி மட்டக்களப்பு, அக்கரைப்பற்று வரைக்கும் கேட்டுப் பாருங்கள். தமிழரிடமும் சரி, முஸ்லிம்களிடமும் சரி, பெரும்பாலும் வழக்கம் ஒன்றுதான்: வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே குடிவருவார். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்ததும் இருந்த வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, இளையவளுக்குக் கட்டுகிற வீட்டுக்கு மாறுகிற பெற்றோர் உண்டு. ஒரே வளவுக்குள் அக்காவும் தங்கையும் பெரியம்மாவும் சின்னம்மாவும் இடையில் வேலி இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருகோணமலை டவுனுக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் முறை கொஞ்சம் வேறு. என்றாலும் அங்கேயும் சீதனத்தில் வீடு வந்தால் இடம் மாறுகிறவர் மாப்பிள்ளைதான்.

இது சின்ன விஷயம் இல்லை. புருஷன் கை நீட்டினால் கூப்பிடு தூரத்தில் தாய் இருக்கிறாள். பிள்ளைப்பேற்று நேரம் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டின் உறுதிப் பத்திரம் அவள் பேரில் இருக்கும்போது, வீட்டை விட்டு வெளியே போ என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. நம் பாட்டிமார் இப்படித்தான் வாழ்ந்தார்கள். புகுந்த வீடு என்ற சொல்லே அவர்கள் வாயில் அதிகம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் நீங்கள் எங்கள் பண்பாடு என்று சொல்வது எங்கிருந்து வந்தது? கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், நாடகத்திலிருந்து. சென்னையில் எடுக்கப்படும் அந்த நாடகங்களில் பெண் அழுதுகொண்டே காரில் ஏறுவாள், குத்துவிளக்கோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போவாள், அன்றிலிருந்து மாமியாரின் ஆள் ஆகிவிடுவாள். அது அந்த மண்ணின் வழக்கம், அதிலும் பெரிய மாளிகை வைத்திருக்கிற குடும்பங்களின் வழக்கம். அதைப் பார்ப்பதில் எனக்குக் குறையில்லை, என் வீட்டிலும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே காட்சியை வருடக்கணக்காக ஒவ்வொரு இரவும் பார்த்தால், வாசலுக்கு வெளியே நடப்பது கண்ணில் படாமல் போகிறது. 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அது கேலி. திரையில் அப்படி ஒருவர் வந்தால் சிரிக்க வைக்கத்தான் வருவார். இங்கே நம் பாட்டன்மாரில் அநேகர் வீட்டோட மாப்பிள்ளைகள்தான், அதற்காக ஒருவரும் தலை குனிந்ததில்லை. இப்போது கலியாணம் முடிக்கிற பையன்கள் குனிகிறார்கள். நிலாவெளிப் பக்கத் தாய் ஒருவர் போன வருடம் என்னிடம் அழுதார். மகளுக்கென்று பதினொரு வருடம் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறதாம். கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள் என்று மருமகன் மகளைக் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். ஆம்பிளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தொலைக்காட்சியை மட்டும் பிடித்துக்கொள்வதும் நியாயமில்லை. அரசாங்கக் கந்தோர்ப் படிவமும் அதே வேலையைச் செய்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கரையோரத்தில் போன வீடுகளில் பல, பெண்களுக்குச் சொந்தமானவை. பதில் வீடு கொடுக்க வந்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் புருஷனின் பெயர் விழுந்தது. கடல் கொண்டுபோன பெண்ணின் வீடு, ஆணின் வீடாகத் திரும்பி வந்தது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கிற பேர்மிட் காணிகளின் கதை இதைவிடப் பழையது. 1935 இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக்காரர் பின்னுரித்தாளியை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, நியமிக்காமல் இறந்தால் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் வருவான். அதைத் திருத்த 2022 வரை பிடித்தது, 87 வருடம். வீடு பெண்ணுக்கு என்று வாழ்ந்த சனத்துக்கு, காணி ஆணுக்கு என்று மூன்று தலைமுறையாகக் கடதாசியில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த நாட்டில் ஏறக்குறைய நான்கு குடும்பங்களில் ஒன்றைப் பெண்தான் தலைமை தாங்கி நடத்துகிறாள். 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த, மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் சனம் 2015 க்குப் பிறகு திரும்பி வந்தபோது, புருஷனை இழந்த பெண்களும் பற்றை வெட்டிக் கிணறு இறைத்து அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் யாருக்கு அடங்கி நடப்பது?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பழைய வழக்கத்திலும் குறை உண்டு. மகளுக்கு வீடு கட்டவென்று தகப்பன் கடனில் மூழ்குகிறார். அண்ணன்மார் கட்டாரிலும் சவூதியிலும் வயதைத் தொலைக்கிறார்கள், தங்கைச்சிக்குக் கூரை போடும்வரை தன் கலியாணத்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். வீடு பெண் பேரில் இருந்தாலும் அதை விற்பதா வைப்பதா என்று பேசுகிற இடத்தில் ஆண்கள்தான் இருப்பார்கள். வெங்காயம் பிடுங்கப் போகிற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி கொடுப்பதும் நம் ஊரில்தான். ஆகவே பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. பண்பாடு என்று சொல்லி மகளின் வழியை மறிக்கிறீர்களே, அந்தப் பண்பாடு உங்களுடையதுகூட இல்லை என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் இதழைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். பேட்டி கண்ட பெண் ஒவ்வொருவரிடமும், வைத்தியர், அதிபர், கணக்காளர் என்ற பேதமில்லாமல், "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறோம். ஓர் ஆணிடமும் அதைக் கேட்கவில்லை. ஆண் இறந்தால் அவருடைய தொழிலைத் தலைப்பில் போட்டோம். பெண் இறந்தால் 'இளம் குடும்பப் பெண்' என்று போட்டோம், அவள் பதினைந்து வருடம் தாதியாக வேலை செய்தவளாக இருந்தாலும். அது பிழை. இனி அப்படி எழுதமாட்டோம்.

சரி, மகளுக்கு வருவோம். நம் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பெண்பிள்ளைகள். பொறியியல் பக்கம் போனால் அவர்கள் சிறு பங்குதான். படித்து முடித்த பிறகும், நாட்டில் வேலைக்குப் போகிற வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் தொழிற்படையில் கணக்கில் வருகிறார்கள். மற்றவர்களுக்கு மூளை இல்லையா, கை இல்லையா? உங்கள் பிள்ளையிடம் நீங்கள் கேட்ட "எதற்கு?" என்ற கேள்வியை அவர்களிடமும் யாரோ பதினாறு வயதில் கேட்டிருப்பார்கள். 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினார். பெட்டைகளுக்கு எழுத்து எதற்கு என்று அன்றைக்கும் தகப்பன்மார் கேட்டிருக்கக்கூடும். நூறு வருடம் கழித்து நீங்கள் மோட்டார் எதற்கு என்று கேட்கிறீர்கள்.

அவள் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள் என்பது உங்கள் எழுத்திலேயே, கோபத்துக்கு நடுவிலும், பெருமையாகத் தெரிகிறது. தொழில்நுட்பப் பிரிவு உள்ள பள்ளிக்கூடத்துக்கு அவளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் முதல் நாள் தகப்பன் கூட வந்து நின்றால் அது அவளுக்குப் பெரிய பலம்.

அதற்கு முன் ஒரு வேலை. இன்றிரவு நாடகம் முடிந்ததும் உங்கள் மாமியிடம் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: அவர் கலியாணம் முடித்தபோது யார் யாருடைய வீட்டுக்கு வந்தது? அவருடைய தாய் காலத்தில்? வளவின் உறுதி யார் பேரில் இருந்தது? அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன். மகள் எந்தப் பாடம் எடுத்தாள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.
– ஆசிரியர்