விமானியின் பணிமூப்பு: மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் முன்

அன்புள்ள ஐயா,

விமான நிறுவனங்கள் இணையும்போது விமானிகளின் பணிமூப்பு பறிபோகிறது என்று படித்துவிட்டு, மகளைப் பயிற்சியில் சேர்க்கத் தயங்குகிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவள் ஆசைக்குத் தடை போட வேண்டாம். பயிற்சிக்காக வாங்கும் கடனின் கணக்கை மட்டும் திருத்திப் போடுங்கள்.

பெரிய நிறுவனங்களில் பணிமூப்புப் பட்டியலில் உள்ள இடத்தைப் பொறுத்தே பெரிய ரக விமானம், கேப்டன் பதவி, பண்டிகை நாளில் விடுப்பு எல்லாம் அமைகின்றன. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் கடைசியில் இருப்பவர்தான் முதலில் வெளியேற வேண்டும். இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும்போது ஒருவர் மேலே போனால் இன்னொருவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் 2005-இல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. முன்னது பழைய நிறுவனம். அதில் நெடுங்காலம் பணியாற்றிய பலர் தற்காலிக ஆட்குறைப்பில், மீண்டும் அழைப்பு வரும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பணியில் சேர்ந்த தேதிப்படியே பட்டியல் வேண்டும் என்றார்கள் அவர்கள். இணைப்பு நடந்த நாளில் வேலையில் இருந்தவர்கள் நாங்கள்தானே என்றார்கள் அமெரிக்கா வெஸ்ட் விமானிகள். 2007-இல் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் அளித்த பட்டியலில், வீட்டில் இருந்தவர்கள் அண்மையில் சேர்ந்த இளைஞர்களுக்கும் கீழே வைக்கப்பட்டார்கள். கொதித்துப்போன யூஎஸ் ஏர்வேஸ் தரப்பு, 2008-இல் விமானிகளின் பழைய தொழிற்சங்கத்தையே வாக்கெடுப்பில் வெளியேற்றிவிட்டுப் புதிய சங்கத்தைக் கொண்டுவந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஒரே பெயர் தாங்கிய நிறுவனத்தில் இரு தரப்பும் தனித்தனிச் சம்பள ஒப்பந்தங்களின் கீழ் பறந்தார்கள். பொது ஒப்பந்தம் தள்ளிப்போனதில் நட்டம் இரு தரப்புக்கும்தான். பட்டியலில் மேலே நின்றவர்களுக்கும் அது உடனே பலன் தரவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

நம் நாட்டிலும் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தன. புதிய போயிங் 787 விமானத்தின் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் தந்தால் தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 2012-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 58 நாள் நீடித்தது. பலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

உங்கள் மகளுக்கு இதில் என்ன பாடம்? பறந்த மணி நேரமும் உரிமமும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அவளோடு வரும். பணிமூப்பு அப்படி வராது. அது அந்தந்த நிறுவனத்தின் பட்டியலோடு சரி. எனவே இத்தனை ஆண்டில் கேப்டன் ஆகிவிடுவாள், அந்தச் சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். துணை விமானியின் சம்பளத்திலேயே மாதத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கடன் தொகையைக் குறையுங்கள், அல்லது ஓராண்டு பொறுங்கள். வீட்டை அடமானம் வைப்பதில் மட்டும் எனக்குச் சம்மதமே இல்லை.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம், பயிற்சி தொடங்கிய, முடித்த தேதிகளுக்கான ஆவணங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணிமூப்பு எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கட்டும். சங்கக் கூட்டங்களுக்கும் தவறாமல் போகட்டும்.

அதற்கெல்லாம் முன்னதாக, விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதில் தகுதி பெறும்வரை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.