நாற்றமடிக்கும் வாஷிங் மெஷின்: நுகர்வோர் கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், துவைத்த துணி நாறுகிறது என்ற புகார்க் கடிதங்கள் கூடிவிடுகின்றன. இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துவைத்து எடுக்கும் துணியில் முடை நாற்றம் வீசுகிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. மூன்று விதமான சோப்புத்தூளை மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்தத் தூள் நல்லது? — வாசகி, காட்பாடி

பதில்: எந்தத் தூளாலும் இந்த நாற்றம் போகாது. மெஷினுக்குள் படிந்திருக்கும் அழுக்கிலிருந்துதான் நாற்றம் துணிக்கு ஏறுகிறது. ஃப்ரண்ட் லோடு மெஷின் குறைந்த தண்ணீரில் துவைக்கக்கூடியது. நம் வீடுகளில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரிலேயே அதை ஓட்டுகிறோம். அதனால் போட்ட தூள் முழுவதும் கரைந்து வெளியேறாமல், துணியிலிருந்து கழன்ற எண்ணெய்ப் பசை, வியர்வை, நூல் துகள் ஆகியவற்றோடு சேர்ந்து, டிரம்மின் வெளிப்புறத்திலும் ரப்பர் மடிப்பிலும் கொழகொழவென்று படிந்துவிடுகிறது. துவைத்து முடித்ததும் கதவை இறுக மூடிவிட்டால், அந்த ஈரப் படிவில் பாக்டீரியாவும் பூசணமும் வளர்கின்றன.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரப்பர் வளையத்தின் கீழ்ப்பகுதியை இரண்டு விரல்களால் உங்கள் பக்கமாக மடித்துப் பாருங்கள். மேலே சுத்தமாகத் தெரியும் ரப்பரின் உள்மடிப்பில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதற்குள் ஊக்கு, தலைமுடிச் சுருள், பிள்ளைகளின் சட்டைப்பையிலிருந்து வந்த காகிதக் கூழ், சில நேரங்களில் ஒரு ரூபாய் நாணயம்கூட அகப்படும். வளையத்தின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் தேங்கிய நீர் வடிய வேண்டும். அவை அடைபட்டிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்பு முழுவதையும் துடையுங்கள். கரும்புள்ளி போகவில்லையென்றால், கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, நீர்க்கச் செய்த பிளீச் திரவத்தில் நனைத்த துணியைச் சற்று நேரம் அங்கே பொதிந்து வைத்துவிட்டு, நன்றாகத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ரப்பருக்குள் ஊறிப்போன கறை ஓரளவு நிற்கலாம். படிவும் நாற்றமும் போய்விட்டால் அந்தக் கறைக்காக ரப்பரை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, தூள் போடும் தட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, அதன் அடிப்பக்கத்தையும் அது நுழையும் குழியின் மேற்பக்கத்தையும் கழுவுங்கள். பின்னர் மெஷினின் முன்பக்கம் கீழே இருக்கும் சிறு மூடியைத் திறந்தால் உள்ளே ஃபில்டர் இருக்கும். ஒரு தட்டையான தாம்பாளத்தை அடியில் வைத்துக்கொண்டு, ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, தேங்கிய நீரை வடித்த பிறகே அதை வெளியே எடுக்க வேண்டும். அந்த நீரை முகர்ந்தாலே நாற்றத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். கடைசியாக, துணி எதுவும் போடாமல், டிரம் கிளீன் முறையிலோ 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரிலோ ஒரு முறை ஓட்டுங்கள். கையேடு தடை செய்யாவிட்டால் ஏறத்தாழ 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை டிரம்மில் போட்டு ஓட்டலாம். சுண்ணாம்புப் படிவு கரையும். ஆனால் ரப்பரில் பிளீச் வைத்த அன்றைக்கே இதைச் செய்யக் கூடாது. காரணத்தை அடுத்த பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: டாப் லோடு மெஷினில் துவைத்த வெள்ளை வேட்டிகளில் கறுப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிளீச், வினிகர் இரண்டையும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் கழன்றுவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். — வாசகர், ஆரணி

பதில்: அந்த யோசனையை உடனே கைவிடுங்கள். பிளீச்சோடு வினிகர், சிட்ரிக் ஆசிட், கழிவறை கழுவும் ஆசிட் ஆகிய எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சை அடைத்து உயிருக்கே கேடாகலாம். ஒரு நாள் ஒன்றைப் பயன்படுத்தினால், வெறும் தண்ணீரில் மெஷினை ஓட்டி அலசிவிட்டு, வேறொரு நாளில்தான் மற்றதைத் தொட வேண்டும்.

டாப் லோடு மெஷினில் நம் கண்ணுக்குத் தெரியும் டிரம்முக்கு வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட, கை நுழையாத இடத்தில் காய்ந்து படிந்த சோப்பும் பூசணமும்தான் செதிலாக உரிந்து வேட்டியில் ஒட்டுகின்றன. நீர்மட்டத்தை மிக உயரமாக வைத்து, கிடைக்குமானால் வெந்நீர் நிரப்பி, கையேடு அனுமதிக்கும் டிரம் கிளீனரைப் போட்டுச் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, பின்பு முழுச் சுற்றும் ஓடவிடுங்கள். முதல் முறை செதில்கள் முன்பைவிடக் கூடுதலாக வரும்; பயப்படாமல் மறுபடியும் ஓட்டுங்கள். நூல் சேரும் வலைப்பையைக் கழற்றித் துவைக்கவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கதவைத் திறந்து வைத்தால் பல்லியும் கரப்பானும் புகுந்துவிடுகின்றன. மூடி வைக்கலாமா? — வாசகி, ஆற்காடு

பதில்: உள்ளே ஈரம் காயும்வரை மூடக் கூடாது; காய்ந்த பிறகு நான்கு விரல் இடைவெளி விட்டுச் சாத்துங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், மெஷின் இருக்கும் அறையின் கதவை அவசியம் தாழிட்டு வையுங்கள், ஏனென்றால் குழந்தைகள் டிரம்முக்குள் ஏறிக்கொள்வது உண்டு.

கேள்வி: நாங்கள் லுங்கித் தறி வைத்துப் பிழைக்கும் குடும்பம். மெஷினில் நாற்றம் வந்ததால், மகன் கைப்பேசியில் கம்பெனியின் சர்வீஸ் எண்ணைத் தேடி அழைத்தான். கம்பெனிச் சட்டை அணிந்து வந்தவர், ரப்பர் கெட்டுவிட்டது என்று மாற்றி, 4,200 ரூபாயைக் கைப்பேசி வழியாகப் பெற்றுக்கொண்டார். ரசீது தரவில்லை, பழைய ரப்பரையும் எடுத்துச் சென்றுவிட்டார். ஒரே வாரத்தில் நாற்றம் திரும்பிவிட்டது. கம்பெனியைக் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் அனுப்பவில்லை என்கிறார்கள். — வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, இதில் உங்கள் மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். தேடினால் முதலில் வந்து நிற்கும் எண் கம்பெனியுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

முதலில், பணம் சென்றதற்கான கைப்பேசிப் பதிவையும், அழைத்த எண், நாள், நேரம் ஆகியவற்றையும் படம் பிடித்துப் பத்திரப்படுத்துங்கள். இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் இன்றே புகார் பதியுங்கள். நாள் கடக்கக் கடக்க, போன பணத்தை முடக்கிவைப்பது கடினமாகிவிடும். பணம் சென்ற கணக்கின் விவரத்தோடு உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பதிவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் தெரிவியுங்கள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே மனுச் செய்யலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரசீது கேட்பதை நம் ஊரில் இன்னமும் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். வீடு தேடி வந்து, வியர்க்க விறுவிறுக்க வேலை செய்தவரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் நம்மைத் தடுக்கிறது. நேர்மையான மெக்கானிக்கிற்கு ரசீது எழுதித் தருவதால் எந்த நட்டமும் இல்லை. தர மறுப்பவர்தான் நாளை அடையாளம் தெரியாமல் போக விரும்புகிறவர். வேலைக்கோ பொருளுக்கோ ரசீது தராமலிருப்பதை 2019-ஆம் ஆண்டின் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே, எதை மாற்றப் போகிறார், எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உதிரிப் பாகத்தை அவரிடம் கேட்டு வாங்கி உங்களிடமே வையுங்கள். அது கையில் இருந்தால் மாற்ற வேண்டிய தேவை இருந்ததா என்று இன்னொருவரிடம் காட்டிக் கேட்கலாம். சர்வீஸ் எண்ணைக் கையேட்டிலோ வாரண்டி அட்டையிலோ பார்த்து, ஒரு தாளில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். கம்பெனிகளையும் இதில் நான் விட்டுவிட மாட்டேன். அத்தனை பெரிய பெட்டியின் மீது நட்சத்திரக் குறியும் சலுகை விளம்பரமும் ஒட்ட இடமிருக்கும்போது, உண்மையான சர்வீஸ் எண்ணைப் பளிச்சென்று அச்சிடவும் இடமிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், மோசடி நடந்த பிறகு எங்களுக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது.

கேள்வி: வாங்கி இரண்டு மாதமே ஆன மெஷின். கதவைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, உபயோகிக்கும் முறை சரியில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். — வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இரண்டு மாதத்தில் பூசணத்தால் இவ்வளவு நாற்றம் வருவது அரிது. அழுகிய முட்டை போன்ற வாடை என்றால், முதலில் கழிவுநீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். மெஷினின் டிரெயின் பைப்பைச் சாக்கடைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகி, வாயை இறுக அடைத்திருந்தால், அங்குள்ள காற்று நேரே டிரம்முக்கு ஏறும். பைப்பை வெளியே எடுத்து ஒரு வாளிக்குள் விட்டு, இரண்டு நாள் அப்படியே வைத்துப் பாருங்கள். நாற்றம் நின்றுவிட்டால், நீர்த் தடுப்பு வளைவு (சாக்கடை வாடை மேலேறாதபடி சிறிது நீர் தேங்கி நிற்கும் வளைவு) உள்ள குழாயில், கையேட்டில் சொன்ன உயரத்தில் பைப்பைப் பொருத்தினால் போதும். கம்பெனி அனுப்பிய ஆளே முதல் நாளில் அப்படிப் பொருத்தியிருந்தால் அது சேவைக் குறைபாடு. அவர்கள் செலவிலேயே சரிசெய்து தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து, பழைய மெஷின் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நாற்றம் தெரிந்தது. விற்றவர் அழைப்பை எடுப்பதில்லை. ரசீதும் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? — வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கஷ்டம். கத்தரிக்காய் வாங்கும்போதுகூடக் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். ஆறாயிரம் ரூபாய்ப் பொருளின் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். விற்றவர் தம் வீட்டுப் பொருளை விற்ற தனிநபர் என்றால், அவர் நுகர்வோர் சட்டத்தின்படி வணிகர் ஆகமாட்டார்; அதனால் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பணத்தைக் கேட்பது கடினம். காட்பாடி வாசகிக்குச் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் மெஷின் தேறிவிடும்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறேன். மாடியில் பொதுவாக ஒரு மெஷின் வைத்திருக்கிறேன். எப்போதும் நாறுகிறது. கைத்துவையல் தூளைக் கை நிறையப் போடுகிறார்கள். — வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்

பதில்: நோயாளிகளின் துணி துவைக்கும் மெஷினைச் சுத்தமாக வைப்பது உங்கள் பொறுப்பு, அதை அவர்கள் மீது தள்ள வேண்டாம். கைத்துவையல் தூள் கூடுதலாக நுரைக்கும். அந்த நுரையை மெஷின் முழுவதும் அலசி முடிக்காது. மெஷினுக்கான தூளை நீங்களே வாங்கி, அளவுக் கரண்டியோடு ஒரு டப்பாவில் வையுங்கள். எவ்வளவு போட வேண்டும், துவைத்ததும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும் ஆகிய இரண்டை மட்டும் தமிழோடு வங்காளியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை நீங்களே நின்று, துணி போடாமல் வெந்நீரில் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீர் மிகவும் உப்பு. குழாயில் மாட்டினால் உப்பு நீங்கி, மெஷினில் படிவும் நாற்றமும் வராது என்று ஒரு காந்தக் கருவியை விற்கிறார்கள். வாங்கலாமா? — வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். நானே ஒரு பொருட்காட்சியில் அதை வாங்கி மாட்டியிருந்தேன். தூள் தட்டில் வெண்படிவு முன்போலவே வந்தது, விற்ற கடை அடுத்த ஆண்டு அங்கே இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் காந்தத்தால் வெளியே எடுக்க முடியாது. ரெசின் என்ற பிசின் மணிகளை நிரப்பி, அவ்வப்போது உப்புக் கரைசலால் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் என்ற கருவிதான் அவற்றை நீக்கும். அதற்குச் செலவழிக்கும் முன், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கடினத்தன்மையை அறிந்துகொள்ளுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற அளவை ஏற்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் 600-ஐத் தாண்டியிருந்தால் சாஃப்ட்னர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. குறைவாக இருந்தால், மாதம் ஒரு முறை சிட்ரிக் ஆசிட் போட்டு மெஷினை ஓட்டுவதே போதும்.

கேள்வி: கடைசி அலசலில் மணமூட்டித் திரவத்தை ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினால் நாற்றம் தெரியாதல்லவா? — வாசகி, பேர்ணாம்பட்டு

பதில்: அந்தத் திரவமும் தட்டிலும் டிரம்மிலும் பிசினாகப் படிந்து பூசணத்துக்கு இரையாகும். ஒரு மாதம் அதை நிறுத்திவிட்டுத் தட்டைக் கழுவிப் பாருங்கள்; பிறகு எனக்கு எழுதுங்கள்.