தஞ்சாவூர் பார்க்க வழிகாட்டி தேவையா?

கேள்வி: கோவையிலிருந்து ஒரு நாள் பயணமாகத் தஞ்சாவூர் போகிறோம். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. மகள் ஆறாம் வகுப்பு. போன வருடம் வேறொரு ஊரில் ஒரு வழிகாட்டியை அமர்த்தினோம். அரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிட்டு, நேராக ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தஞ்சையில் வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா? நல்லவரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வேறு ஊராக இருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். பெரிய கோயில் எழுத்து நிறைந்த கோயில். அதைப் படித்துச் சொல்ல ஒருவர் கூட இல்லாவிட்டால், உயரமான விமானத்தையும் பெரிய நந்தியையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள்.

ஆனால், படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பணம் பேசுவதற்கு முன்பே, "விமானத்தின் அடியில் இருக்கும் கல்வெட்டில் ஒரு வரி எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். தெரிந்தவர் முகம் அப்போதே மலர்ந்துவிடும். தெரியாதவர், "அதெல்லாம் பழைய எழுத்து, யாருக்கும் புரியாது" என்பார். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

அது புரியாத எழுத்தே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்தான். 'ட', 'ப', 'ம' போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, அதுதான் முதலில் தடுமாற வைக்கும். இராசராசனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் பகுதி, 'திருமகள் போல' என்று தொடங்கும். அந்தச் சொற்கள் இருக்கும் இடத்தை வழிகாட்டி விரலால் காட்டட்டும். பிறகு உங்கள் மகளே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். 'தி... ரு... ம... க...' என்று ஒரு குழந்தை கல்லைப் பார்த்துப் படிக்கும்போது பக்கத்தில் நிற்கும் தாத்தாவின் முகத்தைக் கவனியுங்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அடுத்து, 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' (நாம் கட்டுவித்த கற்கோயில்) என்று அரசனே சொல்லும் இடத்தைக் கேளுங்கள். நான் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ஆணையிடுகிறான். அக்கன் என்றால் குந்தவை. தனக்கு அடுத்தபடியாக அக்காவின் கொடையை எழுதச் சொன்ன மன்னன் அவன். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலின் ஆடல் மகளிரின்) பெயர்கள் வீடு வாரியாகவே இருக்கின்றன. முதல் வீட்டுக்கு 'தலைவீடு' என்று பெயர். யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், ஊதியமாக என்ன பங்கு என்று எல்லாம் உண்டு. இவ்வளவையும் கல்லில் வைத்துக்கொண்டு கற்பனைக் கதை சொல்ல வேண்டிய தேவை என்ன?

ஆனாலும் சொல்வார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது முதல் கதை. காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள், நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது இரண்டாவது. பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. நந்தியை இராசராசன் வைத்ததாகச் சொல்வது மூன்றாவது. இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. இந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு, "இது மக்கள் சொல்வது, உண்மை இப்படி" என்று பிரித்துக் காட்டுபவர் நல்ல வழிகாட்டி. கதையையே வரலாறாகச் சொல்பவரிடம் சண்டை போட வேண்டாம். "நிழல் அதோ விழுந்திருக்கிறதே" என்று மகளைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வளாகத்தில் எதை யார் கட்டினார்கள்? விமானம் சோழருடையது, 1010-இல் குடமுழுக்குக் கண்டது. அம்மன் சன்னதி பாண்டியர் காலம். நுணுக்கமான சிற்பங்கள் உள்ள முருகன் சன்னதி நாயக்கர் காலம். பிள்ளையார் சன்னதி மராட்டியர் காலம். ஒரே முற்றத்தில் நின்று நான்கு ஆட்சிகளையும் விரலால் காட்டிவிடலாம். இதைத் தெளிவாகச் சொல்பவருக்கு, பேசிய தொகைக்கு மேலே சேர்த்துக் கொடுத்தாலும் தகும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். மத்திய அல்லது மாநிலச் சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்றவர்களிடம் புகைப்பட அட்டை இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, கேட்டால் கோபப்படுபவரைத் தவிருங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். "கடைக்குப் போக வேண்டாம்" என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கடைகளில் கமிஷன் கிடைப்பது பல ஊர்களில் உள்ள பழக்கம், சிலருக்கு அதுதான் பிழைப்பு. அதனால் முறைக்காமல் சொல்லுங்கள். தலையாட்டிப் பொம்மையோ ஓவியமோ வாங்க ஆசையிருந்தால், வழிகாட்டியை அனுப்பிய பிறகு நீங்களாகப் போய் வாங்குங்கள்.

அப்பாவுக்காக ஒரு யோசனை. முந்தின நாள் இரவே தஞ்சைக்கு வந்து தங்கிவிடுங்கள். காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் கோயிலுக்குள் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும், செருப்பும் கிடையாது. பாய் விரித்திருக்கும் பாதையை விட்டு விலகினால் வயதானவர்கள் துடித்துப்போவார்கள். ஒரு ஜோடி தடித்த காலுறை கையில் இருக்கட்டும். மூலவரைப் பார்க்கப் படி ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே தரிசனத்தை முடித்துவிட்டு, அப்புறம் அவரை முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் நிழலில் உட்கார வையுங்கள். வழிகாட்டி அங்கேயே வந்து பேசட்டும். நல்ல வழிகாட்டிக்கு உட்கார்ந்து கேட்பவரிடமும் பேசத் தெரியும். கோயிலுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சிற்றுண்டிக்குப் பிறகு அரண்மனைக் கலைக்கூடம். அங்கே எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையின்மேல் சாய்ந்து நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி) முன்னால் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை எதன்மீதோ சாய்த்தபடி நிற்பார். அவர் சாய்ந்திருக்கும் காளை அங்கே இல்லை. ஆனால் அந்தக் கையின் தளர்வைப் பார்த்தால், காளையின் முதுகு எவ்வளவு உயரம் என்றுகூட நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்த இடத்தில் வழிகாட்டி பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. நேரம் இருந்தால் பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்துவிடுங்கள்.

நண்பகலில் கோயில் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். அந்த நேரம் அப்பா படுத்து ஓய்வெடுக்கட்டும். வழிகாட்டிக்கு நன்றி சொல்லி, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் மட்டும் மறுபடியும் கோயிலுக்கு வாருங்கள். தரை ஆறியிருக்கும். விமானத்தின் மேல் வெயில் மஞ்சளாக ஏறும் நேரம் அது. காலையில் படித்த வரி எங்கே இருந்தது என்று மகளிடம் கேளுங்கள், அவளே உங்களை அங்கே அழைத்துப்போவாள்.