மன அழுத்தம் அதிகமானால் கண் வறட்சியும் கூடுமா? மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கூடும். நான் மருத்துவர் அல்லன். அப்பா பக்கவாதத்தால் படுத்திருந்த நான்கு மாதங்களில் என் கண்கள் பட்ட பாட்டையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் காலையில் இமையைத் திறக்கும்போதே மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். முதலில் பார்த்த மருத்துவமனையில், கீழிமைக்குள் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்காரவைக்கும் சிர்மர் சோதனையைச் செய்தார்கள். ஈரம் 14 மில்லிமீட்டர் வரை ஏறியிருந்தது. 5-க்குக் கீழே போனால்தான் கடும் வறட்சி என்பதால், "கண்ணீர் நன்றாகச் சுரக்கிறது, நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இதே பதிலைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணீர்ச் சுரப்பிக்கான முக்கியக் கட்டளை, மூளைத் தண்டிலிருந்து பாராசிம்பதெடிக் நரம்புகள் வழியாக வருகிறது. இவை உடல் ஓய்வாக இருக்கும்போது மேலோங்கி நிற்பவை. பதற்றத்தில் எதிர்த்தரப்பான சிம்பதெடிக் நரம்புகளின் கை ஓங்கிவிடும்; கண்ணீருக்கான கட்டளை தளரக்கூடும். நேர்காணலுக்குப் போகும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அந்த உமிழ்நீருக்கான கட்டளையும் பெரும்பாலும் பாராசிம்பதெடிக் நரம்புகள் வழியாகவே வருகிறது. தூக்கம் கெடுவதும் கண்ணீரைக் குறைக்கும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வலியின் பாதைதான். உடலிலேயே மிக அடர்த்தியாக நரம்பு முனைகள் நிறைந்த இடங்களில் ஒன்று கருவிழி. அங்கே படும் உறுத்தல் ஐந்தாம் மண்டை நரம்பு வழியாக மூளைக்குப் போகும்போது, அதை எவ்வளவு பெரிதாக உணர்வது என்பதை மூளையே கூட்டவோ குறைக்கவோ செய்கிறது; நீடித்த கவலையும் மனச்சோர்வும் அதைக் கூட்டும் பக்கமே தள்ளுகின்றன. அதனால்தான் இவை உள்ளவர்களிடம் சோதனை அளவுகளைவிட உபாதை மிகுதியாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017-இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறையும் நரம்பு உணர்வுக் கோளாறுகளைக் கண் வறட்சிக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்த எரிச்சல் கற்பனை அன்று.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் மஞ்சள் சாயத்தை விட்டு, நீல ஒளியில் பார்த்தபடி நொடிகளை வாய்விட்டு எண்ணினார். நான்காம் நொடியிலேயே கண்ணீர்ப் படலம் உடைந்துவிட்டது. பத்து நொடியாவது தாங்க வேண்டுமாம். நீர் போதுமான அளவு இருந்தும், அது ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைத் தரும் இமைச் சுரப்பிகள் அடைத்திருந்தன. பிறகு மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டார். எரிச்சல் பாதிதான் அடங்கியது. கண்ணின் மேற்பரப்பு மரத்த பின்னும் மிஞ்சும் அந்த எரிச்சல் நரம்பு மண்டலத்தின் உட்பகுதியிலிருந்து வரக்கூடும் என்று விளக்கினார்.

தூக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டிருந்த அமிட்ரிப்டிலின் மாத்திரையும் கண்ணீரைக் குறைக்கக்கூடியது என்பது அன்றுதான் தெரிந்தது. நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கண் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்; ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு, எழுதித் தந்த மருத்துவரே அதைப் படிப்படியாகக் குறைத்தார். இமைக்கு வெந்நீர் ஒத்தடமும், இரவுக் காவலை அண்ணனோடு பகிர்ந்துகொண்டதால் கிடைத்த ஆறு மணி நேரத் தூக்கமும் சேர்ந்து, ஏழெட்டு வாரங்களில் காலை உறுத்தல் பெருமளவு தணிந்தது.